முன்பு குடியிருந்தவரின் கரண்ட் பாக்கியும் என் நாற்காலியும்

"இனிமே இந்த வீட்டுக்கு வர்ற கடிதங்களை எல்லாம் நான் ஒருத்தனே கவனிப்பேன்!"

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இப்படிப் பிரகடனம் செய்தேன். அப்போது என் நாற்காலியில் சாய்ந்திருந்தேன். அந்த நிலையில் எனக்கு உலகத்தில் யார் மீதும் பயம் கிடையாது. எழுந்து நின்றால்தான் பிரச்னை.

நாற்காலியைப் பற்றி முதலில் சொல்லிவிடுகிறேன். வலது பக்கம் ஒரு பிடி இருக்கும். இழுத்தால் முதுகு பின்னால் போகும், கால் மேலே வரும், கவலை வெளியே போகும். ஆபீசில் பழைய மேனேஜர் ஓய்வு பெற்றபோது, அவர் அறைச் சாமான்களோடு ஏலத்துக்கு வந்தது. விடுவேனா? என் மனைவி அதற்கு யானை என்று பெயர் வைத்தாள். வீட்டில் வெளிச்சம் வருகிற ஒரே ஜன்னலை அடைத்துக்கொண்டு யானை உட்கார்ந்திருந்தது. யானை மேல் நான்.

மனைவி தையல்காரி. மெஷினைச் சமையலறை மூலையில் போட்டுக்கொண்டு, பட்டப்பகலில் விளக்கெரித்துத் தைத்துக்கொண்டிருந்தாள்.

"அந்த ஜன்னலோரத்தை எனக்குக் குடுங்களேன். கறுப்புத் துணியில கறுப்பு நூல் ஓடினா எனக்கு ஒண்ணுமே தெரிய மாட்டேங்குது. கண்ணு போயிடும் போல இருக்கு."

"அப்ப யானையை எங்க வைக்கறது?"

"யானையை எங்க வைப்பாங்களோ அங்க!"

இந்தத் தகராறு நாங்கள் குடிவந்த அன்றே ஆரம்பித்தது. நானும் நாலு கூலியாட்களும் யானையை வாசல் வழியாக நுழைக்க முக்கிக்கொண்டிருந்தோம். இவள் மாடிப்படிக்குக் கீழே நின்று கரண்ட் மீட்டரைப் போட்டோ எடுத்துக்கொண்டிருந்தாள்.

"அதை எதுக்குடி போட்டோ எடுக்கறே? சிரிக்கச் சொன்னியா?" என்று கேட்டேன். கூலியாட்கள் சிரித்தார்கள். அவள் சிரிக்கவில்லை.

பிறகுதான் கடிதங்கள் வர ஆரம்பித்தன. எங்களுக்கு முன்னால் குடியிருந்த மகானுபாவர் கரண்ட் பில் கட்டாமலே காலி செய்துவிட்டுப் போயிருந்தார். தொகையைப் பார்த்தேன். மனுஷன் வீட்டில் விளக்கு எரித்தாரா, இரும்பு உருக்கினாரா என்று தெரியவில்லை. முதல் கடிதம் கறுப்பு எழுத்தில் அன்போடு வந்தது. அடுத்தது தடித்த எழுத்து. அதற்கடுத்து, கரண்ட் ஆபீசிடமிருந்து கணக்கை வாங்கிக்கொண்ட ஒரு வசூல் கம்பெனி எழுதத் தொடங்கியது.

"நம்ம வாடகை ஒப்பந்தத்தையும் அன்னிக்கு எடுத்த மீட்டர் போட்டோவையும் அனுப்பிடறேன். வேலை முடிஞ்சுது" என்றாள் மனைவி.

"கூடவே கூடாது! செய்யாத தப்புக்கு நாம ஏன் சாட்சி காட்டணும்? இது கொள்கைப் பிரச்னை. கடிதம்னா என்னன்னு அவங்களுக்கு நான் காட்டறேன்!"

அப்போது செய்ததுதான் மேற்படி பிரகடனம்.

வெட்டிப் பெருமை இல்லை. வாஷிங் மெஷின் கம்பெனியில் புகார்களுக்குப் பதில் எழுதுவதுதான் என் உத்தியோகம். என் பதிலைப் படித்து முடித்தவர்கள் மெஷினை மறந்துவிட்டுக் கையாலேயே துவைக்க ஆரம்பித்திருக்கிறார்கள். அப்பேர்ப்பட்ட கை இது.

நாலு பக்கம் எழுதினேன். சாரம் இதுதான்: நான் அவர் இல்லை. மீதி மூன்றே முக்கால் பக்கம் நீதி, நேர்மை, நாகரிகம்.

பதில் வந்தது. 'தங்கள் மின்பாக்கி தொடர்பான தங்கள் கடிதம் கிடைத்தது. மகிழ்ச்சி.'

கொதித்துப் போனேன். 'ஐயா, நான் அவரல்ல, அல்ல, அல்லவே அல்ல' என்று மறுபடி எழுதினேன்.

'தாங்கள் அவரல்ல என்பதற்கு அவரிடமிருந்தே ஒரு கடிதம் வாங்கி அனுப்பவும்.'

அந்தப் பக்கமும் என்னை மாதிரியே ஒருத்தன் உட்கார்ந்திருக்கிறான்! மூன்றாவதாக நான் எழுதியதற்குப் பதில் சிவப்பு எழுத்தில் வந்தது. அவர்கள் ஆள் நேரில் வருவாராம். வீட்டில் உள்ள விலைபெறும் பொருளை எடுத்துச் செல்வாராம்.

மனைவி படித்துப் பார்த்தாள். "பொருளை எடுப்பாங்களாமே?"

"எடுக்கட்டும். நம்ம கிட்ட என்ன இருக்கு?"

சுற்றிப் பார்த்தோம். ஒரு கால் குட்டையான சாப்பாட்டு மேஜை. எல்லார் முகமும் பச்சையாகத் தெரியும் டிவி. அப்புறம் இரண்டு பேர் கண்ணும் ஒரே இடத்தில் போய் நின்றது. யானை!

ஆனால் அதற்குப் பிறகு கடிதமே வரவில்லை. ஒரு மாதம் போனது. மாடிப்படியில் எதிர்ப்பட்ட மேல் வீட்டுக்காரரிடம் பெருமையாகச் சொன்னேன். லிப்ட் ரிப்பேர் செய்கிறவர், நாலு வீடு பார்த்தவர்.

"கடிதம் நின்னு போச்சா? ஐயையோ!" என்றார்.

"ஏன் சார்?"

"கடிதம் வந்தா அவங்க ஆபீஸ்ல இருக்காங்கன்னு அர்த்தம். நின்னுடுச்சுன்னா வண்டியில ஏறிட்டாங்கன்னு அர்த்தம். என் சகலை வீட்ல இப்படித்தான். ஒரு மாசம் மூச்சு பேச்சு இல்ல. திடீர்னு வந்தாங்க. சோபாவைத் தூக்கினாங்க. மேல படுத்திருந்த சகலையை மட்டும் இறக்கி வெச்சுட்டுப் போயிட்டாங்க."

சொல்லிவிட்டுப் புது பேண்ட்டின் மடிப்புக் கலையாமல் மேலே ஏறிப் போனார்.

அன்று யோசித்த யோசனையில் என் மூளையே சூடாகிவிட்டது. மாலையில் திட்டத்தை வெளியிட்டேன். "யானையை உன் தம்பி வீட்டுக்கு அனுப்பிடப் போறேன்!"

"வேணாங்க" என்றாள் மனைவி, பதறிப் போய். "யானை இல்லாம நீங்க இருக்க மாட்டீங்க."

"கொஞ்ச நாள்தானே?"

"என் தம்பி அதுல உக்காருவான்."

"உக்காரட்டும். உயிரோட இருக்கணும், அதுதான் முக்கியம்."

"யாரு, தம்பியா?"

"யானைடி!"

அவள் ஒரு பட்டனைத் தைத்து முடித்துவிட்டுச் சொன்னாள்: "எனக்கு என்ன பயம்னா, அது உங்க நாற்காலிதானே? அங்கயும் தேடிப் போய்த் தூக்கினா?"

எனக்கு இது தோன்றவில்லை. தோன்றாததால் கோபம் வந்தது. "அதெல்லாம் எனக்குத் தெரியாதா? இப்பவே எழுதறேன் பாரு!" என்று காகிதத்தை எடுத்தேன்.

'இந்த நாற்காலியை என் மைத்துனருக்கு மனப்பூர்வமாகக் கொடுத்துவிட்டேன். எக்காலத்திலும், எக்காரணத்தாலும் திருப்பிக் கேட்க மாட்டேன். நானே நேரில் வந்து கேட்டாலும் அவர் கொடுக்க வேண்டியதில்லை.'

கடைசி வாக்கியம் அவசியமில்லை. அழகுக்காகச் சேர்த்தேன்.

"கடைசி வரி ரொம்ப நல்லா இருக்குங்க" என்றாள் மனைவி. கல்யாணமான நாளிலிருந்து என் எழுத்தை அவள் பாராட்டியது அன்றுதான். மனசு குளிர்ந்துவிட்டது. மேல் வீட்டுக்காரர் ஓடி வந்து சாட்சிக் கையெழுத்துப் போட்டார். மச்சினன் மறுநாள் விடியும்போதே வேனோடு வாசலில் நின்றான்.

"கவலைப்படாதீங்க மாமா. கண்ணு மாதிரி பாத்துக்கறேன்."

யானை தெருமுனையில் திரும்பி மறைந்தது. சொல்ல வெட்கமாக இருக்கிறது, அதற்குக் கையாட்டி வழியனுப்பினேன். உள்ளே வந்தால் ஜன்னலோரம் வெறிச்சென்று கிடந்தது. "சும்மாதானே கிடக்கு" என்று மனைவி தையல் மெஷினை நகர்த்திக்கொண்டு வந்தாள். சரியென்று நானே ஒரு பக்கம் பிடித்தேன்.

பிறகு முக்காலியில் உட்கார்ந்து வசூல்காரனுக்காகக் காத்திருந்தேன். முக்காலிக்கு முதுகு கிடையாது. ஒரு வாரத்தில் எனக்கும் கிடையாது.

ஒரு சனிக்கிழமை கதவு தட்டப்பட்டது. தோளில் பை, கையில் டார்ச்சோடு ஒரு ஆள்.

"வாய்யா வா!" என்றேன். "நல்லா சுத்திப் பாரு! இந்த முக்காலிதான் இருக்கு. தூக்கறியா?"

"மீட்டர் எங்க சார்?"

"மீட்டரையும் தூக்கப் போறியா?"

"ரீடிங் எடுக்கணும் சார். கரண்ட் ஆபீஸ்."

"அப்ப அந்தப் பழைய பாக்கி?"

அவர் கையிலிருந்த கருவியைத் தட்டிப் பார்த்தார். "அந்தக் கணக்கை மூடி ஒரு மாசத்துக்கு மேல ஆச்சே சார். வீட்டு அம்மா ஒப்பந்தமும் மீட்டர் போட்டோவும் அனுப்பியிருக்காங்களே. குடிவந்த அன்னிக்கே போட்டோ எடுத்து வெச்சிருக்காங்க. விவரமானவங்க சார்!"

ஜன்னலோரம் மெஷின் நிற்காமல் ஓடிக்கொண்டிருந்தது.

"நீ எப்படி அனுப்பினே?" என்று கத்தினேன். "கடிதத்தை எல்லாம் நான்தான் கவனிப்பேன்னு சொன்னேனா இல்லையா?"

"நான் எங்க கடிதம் எழுதினேன்? சிவப்பு எழுத்து வந்த அன்னிக்கு போன்ல பேசினேன், ரெண்டையும் போன்லயே அனுப்பினேன். பத்து நிமிஷத்துல முடிஞ்சுது. உங்களுக்குக் கொள்கை இருக்கு. எனக்குத் தைக்கிற வேலை இருக்கு."

அவளிடம் பேசிப் பயனில்லை. மச்சினனுக்குப் போன் போட்டேன். எடுத்ததுமே பிடி இழுக்கும் சத்தம் கேட்டது. எனக்குத் தெரியாத சத்தமா அது?

"மாப்ளே, ஆபத்து நீங்கிடுச்சு. யானையை ஏத்தி அனுப்பு."

"நீங்களே வந்து கேட்டாலும் குடுக்க வேண்டியதில்லைன்னு எழுதியிருக்கீங்களே மாமா."

"டேய், அது அழகுக்குடா!"

"ரொம்ப அழகு மாமா. பிரேம் போட்டு மாட்டியிருக்கேன்."

சாட்சியைக் கலைத்தாவது யானையை மீட்பது என்று மாடிக்கு ஓடினேன். கதவு திறந்திருந்தது. கொடியில் இன்னும் மூன்று புது பேண்ட் தொங்கிக்கொண்டிருந்தது.

"உங்க வீட்டம்மா தைச்சுக் குடுத்தது சார்" என்றார் மேல் வீட்டுக்காரர். "காசே வாங்க மாட்டேன்னுட்டாங்க. தங்கமான மனசு."

"அது இருக்கட்டும். உங்க சகலை வீட்டுக்கு வந்தாங்களே, அந்த வசூல் கம்பெனி..."

"எனக்கு ஏது சார் சகலை? என் சம்சாரம் அவங்க வீட்டுக்கு ஒரே பொண்ணு."

கீழே இறங்கி வந்தேன். என் வாழ்நாளில் நான் எழுதி, மறுபேச்சில்லாமல் பலித்த கடிதம் அது ஒன்றுதான். ஜன்னலருகே போய் இடுப்பில் கை வைத்து நின்றேன். மனைவி கறுப்புத் துணியில் கறுப்பு நூலால் சிரமமே இல்லாமல் தைத்துக்கொண்டிருந்தாள். இன்றைக்கு இரண்டில் ஒன்று பார்த்துவிடுவது என்று தொண்டையைச் செருமினேன்.

அவள் தலையை நிமிர்த்தவில்லை.

"என்னங்க, கொஞ்சம் நகருங்க. வெளிச்சத்தை மறைக்கறீங்க."