ரப்பர் பாலில் வந்த அம்மை

லூனாஸ்,
1943, ஆவணி.

கோத்தா கோலா மூடாவில் கருவாட்டுக் கடை வைத்திருக்கும் மதிப்புக்குரிய மச்சான் நடராஜா அவர்களின் சமூகத்துக்கு, ரப்பர் தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கும் டிரெஸர் சதாசிவம் பணிவுடன் எழுதிக்கொண்டது. இவ்விடம் நானும் தங்கள் தங்கை தங்கமணியும் மரவள்ளிக்கிழங்கின் கருணையால் உயிரோடு இருக்கிறோம். அவ்விடத்து நலத்துக்கு முருகன் பொறுப்பு. தபாலை நம்பாமல் மாட்டுவண்டி இருளப்பனிடம் இதைக் கொடுக்கிறேன். படித்ததும் அடுப்பில் போட்டுவிடவும்.

நான் வேலையில் சேர்ந்த அன்று தாங்கள் சொன்னது ஞாபகம் இருக்கும். "நாறின மீனை நல்ல மீன்னு நான் வித்ததில்லை, நீயும் இல்லாத நோயை இருக்குன்னு சொல்லாதே" என்றீர்கள். அதைக் கடைப்பிடித்துத்தான் இத்தனை வருஷமாக லயத்து வீடுகளில் இருக்கும் கூலி ஜனங்களிடம் வண்டி வண்டியாகச் சாபம் வாங்கினேன். வேலைக்குப் போகாமல் இருக்க வயிற்றுவலி என்று வந்தவனுக்கெல்லாம் விளக்கெண்ணெய் ஊற்றி விரட்டியவன் நான். அப்பேர்ப்பட்ட என்னை முந்தாநாள் ஜப்பான்கார அதிகாரி கூப்பிட்டு, சயாமில் ரயில் பாதை போட ஆள் வேண்டும், காலையில் லாரி வரும், நோயில்லாத ஆம்பளைகளை நீயே பிரித்துக் கொடு என்றான். நீ பொய் சொல்லமாட்டாயாமே என்று ஒரு பாராட்டு வேறு. முன்னே சயாமுக்குப் போனவர்களில் ஒருத்தன்கூடத் திரும்பலை, மச்சான்.

அன்று சாயங்காலமே பால்மரம் வெட்டும் அம்மாசியின் பெண்சாதி செல்லாயி வந்து நின்றாள். "ஒரே ஒரு பொய் சொல்லுங்கய்யா" என்றாள். எனக்குப் பழக்கமில்லையே தாயி என்றேன். "எங்களுக்கு மட்டும் சாவு பழக்கமாய்யா?" என்று கேட்டாள் பாருங்க! சரி, அம்மைன்னு சொல்றேன், ஒரு வீட்டு வாசல்ல வேப்பிலை கட்டுன்னேன். ஒரு வீடுன்னுதான் சொன்னேன்! விடியுறதுக்குள்ள லயம் பூராவும் கட்டிட்டாங்க. மாரியம்மன் கோயில் மரம் மொட்டையாப் போச்சு. இலை கிடைக்காதவன் கறிவேப்பிலையைக் கட்டியிருக்கான். ஏண்டா இப்படின்னா, ஜப்பான்காரனுக்கு ரெண்டும் ஒண்ணுதானே அய்யாங்கிறான். அதோட விட்டாங்களா? ஆம்பளைங்க எல்லாரும் ரப்பர் பாலைச் சொட்டுச் சொட்டா மூஞ்சியில வச்சுக் காயவிட்டு, முத்துப் போட்ட மாதிரி வந்து நிக்கிறாங்க.

லயம் பூராவும் அம்மைன்னு நான் சொன்னதும், அதிகாரி மூக்கைப் பொத்திக்கிட்டுப் பார்க்க வந்தான். அந்த நேரம் பார்த்து அம்மாசிக்கு அரிப்பு! சொறிஞ்சான். கன்னத்து முத்து ஒண்ணு பிய்ஞ்சு, காதுவரைக்கும் இழுபட்டுப் பட்டுன்னு திரும்பி ஒட்டிக்கிச்சு. போச்சுடா, எல்லார் தலையும் போச்சுன்னு நெனச்சேன். எங்கேருந்து வந்துச்சோ தெரியலை, "தோல் இப்படி இழுத்தா நோய் முத்திப்போச்சுன்னு அர்த்தம், தொட்டவனுக்கும் வரும்"னு சொல்லிட்டேன். லாரி வந்த வழியே காலியாப் போயிருச்சு. செல்லாயி என் காலில் விழுந்து அழுதாள். நானும் அழுதேன்.

ஆனாலும் மச்சான், தூக்கம் வரவில்லை. நான் செய்தது சரியா? உத்தியோகத்தில் ஒரு பொய் சொன்னவன் அதில் இருக்கலாமா? வேலையை விட்டுவிட்டுத் தங்கமணியோடு அங்கேயே வந்து கருவாடு கட்டிப் பிழைத்துக்கொள்கிறேன். எங்களுக்கு ஒரு மூலை ஒதுக்கி வையுங்கள். அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நோய்நொடி இல்லாமல் வளரட்டும்.

இப்படிக்கு,
தங்கள் அன்புள்ள
சதாசிவம்

பி.கு: இருளப்பன் மாடு பூட்டுவதற்குள் அதிகாரி திரும்பி வந்துவிட்டான். சயாம் முகாமில் வாந்திபேதியாம், மருந்து தெரிந்த ஆள் வேண்டுமாம். உனக்கு உடம்பு எப்படி என்று கேட்டான். இத்தனை வருஷப் பழக்கம் மச்சான், "நல்லா இருக்கு"ன்னு வாய் தானாச் சொல்லிருச்சு. லாரி வாசலில் நிற்கிறது. தங்கமணி மட்டும்தான் வண்டியில் வருகிறாள். மூணு மாசத்தில் வந்துவிடுவேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அவள் கேட்டால் நீங்களும் அப்படியே சொல்லுங்க.