ஊமைப் பெட்டிக்கு இட்ட குரவை

அபிப்பிராயம் சொல்வது ஒரு வியாதி. எனக்கு அது இருபத்து நாலு வயதிலேயே முற்றிவிட்டது. இப்போது எழுபதைத் தாண்டிவிட்டேன். யாராவது ஒரு புதுச் சாமானைக் கொண்டுவந்து காட்டி, "எப்படி?" என்று கேட்டால் களைப்புத்தான் வருகிறது. "நல்லாயிருக்கு" என்று சொல்லிவிட்டுச் சாய்மனைக் கதிரையில் சரிந்துவிடுகிறேன். அதற்கும் வீட்டில் சிரிக்கிறார்கள். ஏன் சிரிக்கிறார்கள் என்று வருகிறவர் போகிறவரெல்லாம் விசாரிப்பதால், இதை ஒருதரம் எழுதித் தொலைக்கிறேன். இனியாவது என்னைக் கேட்காமல் வாசித்துக்கொள்ளட்டும்.

ஐம்பதுகளின் நடுப்பகுதி. சாய்ந்தமருதில் ஒரு பள்ளிக்கூடத்தில் நான் உதவி ஆசிரியர். பள்ளிக்கூடம் விட்டதும் சைக்கிளை எடுத்துக்கொண்டு கல்முனைக்குப் போய்விடுவேன். அங்கே கடைத்தெருவில் பேட்டரியில் ஓடும் ரேடியோ வைத்த தேத்தண்ணிக் கடை ஒன்று இருந்தது. ஒரு பிளேன்டீ குடித்தால் இரண்டு மணித்தியாலம் பாட்டுக் கேட்கலாம் என்பது என் கணக்கு. (முதலாளியின் கணக்கு வேறு. மேசையைத் துடைக்கிற சாட்டில் என் கோப்பையை மூன்று தரம் எடுத்துக்கொண்டு போயிருக்கிறார்.) அங்கிருந்தபடி நான் உலகத்துக்குத் தீர்ப்புச் சொல்லிக்கொண்டிருந்தேன். புதுப் படங்களில் பாட்டுக் கூடிவிட்டது, கதை குறைந்துவிட்டது. இந்தப் பாடகிக்குக் குரல் உண்டு, மூச்சு இல்லை. கிராமபோன் செத்துப்போன சாமான். இனி வால்வு ரேடியோவின் காலம். வால்வு என்றால் என்னவென்று அதுவரை நான் கண்ணால் கண்டதில்லை. அது அபிப்பிராயத்துக்கு ஒரு தடையாகவும் இருக்கவில்லை.

அந்த வருடம் எனக்குப் பெண் பார்த்துக்கொண்டிருந்தார்கள். என் மூத்த சகோதரி ராத்தாவின் புருசன், மூத்த மச்சான், ஒரு நல்ல இடத்தில் பேச்சைப் போட்டிருந்தார். நாவிதன்வெளிப் பக்கம் ஏக்கர் கணக்கில் வயல் வைத்திருந்த போடியார் ஒருவரின் மகள் சுபைதா. அவளை நான் ஒரேயொரு தடவை வேலிக்கு மேலால் கண்டிருக்கிறேன், அதுவும் நெற்றி மட்டும். அந்த நெற்றி எனக்குப் போதுமாக இருந்தது. வேறு இடம் பேசவேண்டாம் என்று வெட்கத்தை விட்டு ராத்தாவிடம் சொல்லியும்விட்டேன். போடியார்தான் பிடி கொடுக்கவில்லை. நாலு மாதமாக "பாப்பம்" என்ற ஒரே சொல்லில் நின்றார்.

அந்தச் சமயத்தில்தான் போடியார் கொழும்பிலிருந்து ஒரு ரேடியோ இறக்கினார். எங்கள் பகுதிக்கு அப்போது கரண்ட் இல்லை, இதுவும் பேட்டரி ரேடியோதான். பெட்டி வந்து ஒரு கிழமையாகியும் பூட்டத் தெரிந்த ஆள் கிடைக்கவில்லை. மூத்த மச்சான் இதைக் கேள்விப்பட்டதும் நேரே போய், தன் மச்சினன் ரேடியோவைக் கழற்றிப் பூட்டுவதில் விண்ணன் என்று சொல்லிவிட்டு வந்தார். இந்த ஒரு வேலையோடு சம்பந்தம் முடிந்தது என்று என் முதுகில் தட்டினார். நான் மறுத்திருக்கலாம். ஆனால் இவ்வளவு காலமும் தேத்தண்ணிக் கடையில் நான் சொன்னதை ஒரு மனிதன் முழுதாக நம்பியிருக்கிறான் என்ற சந்தோசம் என் கண்ணை மறைத்துவிட்டது.

வெள்ளிக்கிழமை அஸர் தொழுகை முடிந்து போனோம். மண்டபத்தின் நடுவில் மேசை, மேசையில் பெட்டி. பக்கத்தில் பெரிய பேட்டரி ஒன்றும் சின்னது ஒன்றும். தென்னையிலிருந்து ஏரியல் கம்பி ஏற்கெனவே கட்டியாயிற்று. கதவுக்குத் தொங்கவிட்ட திரைச்சீலைக்குப் பின்னால் பெண்கள். பெட்டி முதல் சத்தம் போட்டதும் குரவை இடச் சொல்லிப் போடியார் அவர்களிடம் சொல்லியிருந்தார். நம் பகுதியில் எந்த நல்ல காரியத்துக்கும் பெண்கள் நாக்கைச் சுழற்றிக் குரவை இடுவது வழக்கம். ரேடியோவுக்கு இடுவது அதுதான் முதல்தடவை.

போடியார் பெட்டியோடு வந்த ஒரு சின்னப் புத்தகத்தை நீட்டினார். "இதுக்குள்ள என்ன எழுதியிரிக்கெண்டு ஒருக்காப் பாத்தா என்ன தம்பி?"

"புத்தகமெல்லாம் தெரியாத ஆக்களுக்கு, போடியார்" என்றேன். (அந்த வயதில் என்னை யாராவது அறைந்திருக்கலாம். ஒருவரும் உதவவில்லை.)

நாலு வயர்கள் தொங்கின. நான் வயரைப் பார்க்காமல் போடியாரைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே பூட்டினேன். மூலையில் இருந்த அவருடைய கிராமபோனைக் காட்டி, அதை இனி வெற்றிலை வட்டா வைக்கப் பாவிக்கலாம் என்றும் சொன்னேன். பெரிய பேட்டரியின் வயரைக் கொழுவவேண்டிய இடம் ஒன்று, நான் கொழுவிய இடம் இன்னொன்று. குமிழைத் திருகினேன். பெட்டிக்குள் இருந்த நாலு வால்வுகளும் ஒரேயொரு கணம் கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தன. பிறகு மூடிக்கொண்டன. அன்றைக்குத்தான் நான் முதன்முதலாக வால்வைக் கண்டேன்.

"வால்வு சூடாகக் கொஞ்ச நேரம் செல்லும்" என்றேன்.

கொஞ்ச நேரம் சென்றது. இன்னும் கொஞ்ச நேரமும் சென்றது. நான் குமிழை இந்தப் பக்கம் திருகினேன், அந்தப் பக்கம் திருகினேன். ஏரியலைக் குறை சொன்னேன், காற்றைக் குறை சொன்னேன். கருகின மணம் மண்டபத்தில் பரவியது. மூத்த மச்சான் முகட்டைப் பார்த்தார். போடியார் கதிரையைப் பின்னால் தள்ளிவிட்டு எழும்பினார். பெரிய மனிசர் எழும்பினால் பேச்சு முடிந்தது என்று அர்த்தம். பெட்டியோடு என் கலியாணமும் கருகிவிட்டது என்று எனக்கு விளங்கியது. அழுகை வரும்போல் இருந்தது.

அந்தக் கணத்தில் திரைக்குப் பின்னால் குரவை எழும்பியது. முதலில் மெல்லிசாக ஒரு குரல், பிறகு எல்லாக் குரல்களும். போடியார் கையைக் காட்டி நிறுத்தப் பார்த்தார். திரைக்கு அப்பால் கை தெரியாதல்லவா? ஊர் கேட்கக் குரவை இட்டு முடித்துத்தான் ஓய்ந்தார்கள்.

கலியாண வயதில் குமர் இருக்கிற வீட்டில், மாப்பிள்ளை பேசியிருக்கிற வாலிபன் ஒருவன் உள்ளே இருக்கும்போது குரவை கேட்டால் ஊர் என்ன நினைக்கும்? அயல் பெண்கள் வேலியைத் தாண்டி வந்துவிட்டார்கள். தெருவால் போன, பாங்கு சொல்லும் பள்ளிவாசல் மோதினார் படியேறி வந்து போடியாரின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"அல்ஹம்துலில்லாஹ். கலியாணம் எப்ப போடியார்?"

போடியார் பெட்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். குரவை ரேடியோவுக்கு என்று சொன்னால், எங்கே பாடச் சொல்லுங்கள் என்று கேட்பார்கள். ஒரு கிழமையாக ஊர் முழுக்கப் பெருமையடித்த பெட்டி ஊமையாகி நிற்கிறது. மகளுக்கு என்று சொன்னால் மானம் தப்பும்.

"நோம்புப் பெருநாளைக்குப் புறகு" என்றார், பெட்டியைப் பார்த்தபடி.

எல்லோரும் போனபின் என்னைப் பக்கத்தில் கூப்பிட்டார். "இந்த வீட்டுக்கு வாங்க தம்பி. ஆனா இங்க ஒரு சாமானையும் தொடப்படாது."

கலியாணத்துக்குச் செத்துப்போன கிராமபோன்தான் பாடியது. மற்ற ஊர்களில் இப்படியான அவமானத்தை மாமனார் வீட்டோடு விட்டுவிட்டு வந்துவிடலாம். எங்கள் பக்கத்தில் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குக் குடிபோகிறவர். அந்தப் பெட்டிக்கு முன்னால் இருந்துதான் நான் இத்தனை வருடமும் சோறு தின்றேன். கொழும்பில் தேடியும் அதற்கு மாற்று வால்வு கிடைக்கவில்லை. மாமி அதன்மேல் வெற்றிலை வட்டாவை வைத்தா. வருகிறவர்கள் இது என்ன பெட்டி என்று கேட்பார்கள். மாமி மருமகன் முன்னால் கதைக்கமாட்டா, ஆகவே முழுக் கதையையும் திரைக்குப் பின்னால் நின்று சொல்லுவா. எனக்கு ஒரு சொல் விடாமல் கேட்கும். போடியார் மௌத்தாகி அடக்கம் செய்த பிறகும் அந்தத் தடையை ஒருவரும் எடுக்கவில்லை. கரண்ட் வந்தபோது பல்பு பூட்டியவள் சுபைதா.

ஏன் பெண்கள் நேரம் கெட்ட நேரத்தில் குரவை இட்டார்கள்? போடியாரின் கதிரை கிரீச்சிட்டதைப் பெட்டியின் சத்தம் என்று நினைத்துவிட்டார்கள் என்றுதான் முப்பது வருடம் நம்பியிருந்தேன். பிறகு என் மகன் கலர் டீவி கொண்டுவந்தான். பிள்ளைகள் அதைப் பூட்ட, நான் கையைக் கட்டிக்கொண்டு தூரத்தில் இருந்தேன். படம் வரவில்லை. சுபைதா சிரித்துக்கொண்டே பேத்தியிடம், "அண்டைக்குக் குரவைய முதல்ல போட்டது நான்தான்" என்றாள்.

"கதிரச் சத்தத்தப் பெட்டியெண்டு நினைச்சயா?" என்று கேட்டேன்.

"எனக்கென்ன காதில்லியா? பெட்டி போனது மணத்திலயே தெரிஞ்ச. சீல இடுக்கால வாப்பா எழும்பினத்தக் கண்டன். பக்கத்தில நிண்ட சாச்சியயும் கிள்ளிப்போட்டு நான் துவங்கினன்."

தன் கலியாணத்துக்குத் தானே குரவை இட்ட பெண் எங்கள் கரையில் வேறு யாரும் இருக்கமாட்டாள். எனக்கு நெஞ்சு நிறைந்துவிட்டது. என்னிடம் அப்படி எதைக் கண்டாள் என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"அந்தக் குமிழத் திருகித் திருகி நிண்டீங்க. பாக்கப் பாவமா இரிந்த" என்றாள்.

அதுவரை வீட்டில் நான் ரேடியோ எரித்த மாப்பிள்ளை. அன்றிலிருந்து பாவம் பார்த்து எடுத்த மாப்பிள்ளை. பேரப்பிள்ளைகள் தங்கள் பிள்ளைகளுக்கும் சொல்லிக்கொடுத்துவிடுவார்கள். இதைப் பற்றி எனக்கு ஓர் அபிப்பிராயம் உண்டு. சொல்லமாட்டேன்.