நண்பர் வாங்கிய சோலார் பங்கு

இந்த ஒரு விஷயத்தையாவது மனைவியைக் கேட்காமல் செய்துவிடுவது என்று மூக்குக்கண்ணாடிக் கடைக்காரர் முடிவெடுத்தார். இருபத்திரண்டு வருடக் குடித்தனத்தில் அவர் தனியாக எடுத்த இரண்டாவது முடிவு அது. முதலாவது, மீசையை எடுத்தது. அதையும் மனைவி சொல்லித் திரும்ப வளர்த்துவிட்டார்.

வெளிநாட்டிலிருந்து வரும் சோலார் பேனல்களுக்கு அரசாங்கம் பெரிய வரி போட்டிருந்தது. இனி உள்ளூரில் பேனல் செய்யும் கம்பெனிகளைக் கையில் பிடிக்க முடியாது என்று கடை டிவியில் அடித்துச் சொன்னார்கள். கண்ணைக் காட்ட வந்தவரை எழுத்துப் பலகை முன்னால் உட்காரவைத்துவிட்டு, இவர் போனை எடுத்தார். சேமிப்பு முழுவதையும் ஒரே கம்பெனியில் போட்டார்.

பத்தே நாளில் விலை ஒன்றரை மடங்கு. பேனல் மின்னியதோ இல்லையோ, இவர் முகம் மின்னியது. பெருமை வயிற்றுக்குள் தங்கவில்லை. மனைவிக்கு இறக்குமதிச் சரக்குகளுக்கு வரிக் காகிதம் தயார் செய்யும் அலுவலகத்தில் வேலை. அன்று சாயந்திரம் துணி மடித்துக்கொண்டிருந்தவளிடம் மெல்ல ஆரம்பித்தார்.

“என் நண்பர் ஒருத்தர் சோலார் பங்கு வாங்கியிருக்கார். நல்ல லாபமாம்.”

“எந்த நண்பர்?”

“உனக்குத் தெரியாது.”

“எனக்குத் தெரியாம உங்களுக்கு ஒரு நண்பரா? சரி, நாளைக்கே வித்துடச் சொல்லுங்க.”

“ஏன்? வரி வந்தா உள்ளூர்க் கம்பெனிக்குக் கொண்டாட்டம்தானே?”

“அந்தக் கம்பெனி பேனலுக்குள்ள வைக்கிற சோலார் செல்லெல்லாம் வெளிநாட்டுலேர்ந்து கப்பல்லதான் வருது. அடுத்த மாசத்துலேர்ந்து செல்லுக்கும் வரி. அறிவிப்புல ரெண்டாம் பக்கத்துல போட்டிருக்கு. உங்க நண்பர் வரியைப் பத்திப் படிக்கிறதை முதல் வரியோட நிறுத்திட்டார் போல.”

“அவர் ரொம்ப விவரமானவர்.”

“வீட்ல சொல்லிட்டுத்தான் வாங்கினாரா?”

“அவர் யாரையும் கேட்க மாட்டார். ஆம்பிளை.”

“ஓஹோ” என்று அவள் அடுத்த சட்டையை எடுத்தாள். கம்பெனி பெயரைத் தான் சொல்லவே இல்லை என்பது அவருக்கு உறைக்கவில்லை.

சொன்னது மனைவி என்ற ஒரே காரணத்துக்காக அவர் விற்கவில்லை. கணக்கைத் திறக்காமல், விலையை டிவியில் மட்டும் பார்த்துப் பூரித்துக்கொண்டிருந்தார்.

அடுத்த மாதம் செல்லுக்கும் வரி வந்தது. பங்கு மாடிப்படியில் உருண்ட பாத்திரம் போல இறங்கியது. டிவியை அணைத்தார். போனில் கணக்கைத் திறந்து பார்க்கத் தைரியம் இல்லை. ஒரு வாரம் சோறு இறங்கவில்லை. ஒருவருடைய கண்ணாடியை இன்னொருவருக்கு மாட்டி அனுப்பினார்.

ஞாயிற்றுக்கிழமை காலையில் மனைவி கேட்டாள். “ஏங்க, உங்க நண்பர் எப்படி இருக்கார்?”

“படுத்துட்டார்.”

“விக்கலையா?”

“விக்கல.” உப்புமாத் தட்டைத் தள்ளிவைத்தார். “அந்த நண்பர் நான்தான்.”

அவள் தட்டைத் திரும்ப நகர்த்தி இன்னொரு கரண்டி உப்புமா போட்டாள். “சாப்பிடுங்க. நீங்க சொன்ன மறுநாளே நான் வித்துட்டேன்.”

“நீயா? எப்படி?”

“வருமான வரி மிச்சம்னு அந்தக் கணக்கை என் பேர்ல தொறந்தது யாரு? வாங்கின அன்னைக்கே எனக்கு மெசேஜ் வந்துடுச்சு. நல்ல லாபத்துக்குத்தான் போச்சு.”

போன உயிர் திரும்பி வந்தது. கூடவே நெஞ்சும் நிமிர்ந்தது. “பாத்தியா என் கணிப்பை? அந்தப் பணத்தைக் குடு. வேற ஒரு கம்பெனி பாத்து வெச்சிருக்கேன்.”

“உங்ககிட்ட எப்படிக் குடுக்கறது? நீங்கதான் என்னைக் கேட்காம ஒண்ணும் செய்ய மாட்டீங்களே” என்றாள் மனைவி. “அந்த நண்பரை நேர்ல வரச் சொல்லுங்க.”