பத்து மீட்டர் வரை வேலை செய்யும்

எங்கள் வீட்டில் எந்தப் பொருள் வாங்குவதாக இருந்தாலும் முதலில் நான் ஓர் அட்டவணை போடுவேன். இது ஒரு வியாதி என்பார் என் கணவர் சுந்தர். குக்கர் வாங்கியபோது போட்டேன், மெத்தை வாங்கியபோது போட்டேன், கெல்லிவில் என்கிற இந்த வெளிநாட்டுப் புறநகரில் வீட்டைத் தேடியபோது நாற்பது வரிகளில் போட்டேன். (கடைசியில் வீட்டை வாங்கியது சமையலறை ஜன்னல் பிடித்துப்போனதால். ஜன்னல் அந்த அட்டவணையிலேயே இல்லை.) இதையெல்லாம் ஒப்புக்கொள்வதில் எனக்கு வெட்கமில்லை. வெட்கப்பட வேண்டியது ஒன்றுதான். கம்ப்யூட்டருக்கு ஒரு வயர்லெஸ் மவுஸ் வாங்கப்போய், அவருக்குக் கிடைக்க இருந்த வேலைக்கே உலை வைக்கப் பார்த்தேன்.

அப்போது சுந்தருக்கு வேலை போய் ஐந்து மாதம் ஆகியிருந்தது. ப்ராஜெக்ட் முடிந்தது, அதோடு கான்ட்ராக்டும் முடிந்தது. இருந்தாலும் தினமும் காலையில் குளித்து, இஸ்திரி போட்ட சட்டையை மாட்டிக்கொண்டு, முன்னறையில் இருக்கும் வீட்டுக் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து விண்ணப்பம் போடுவார். அந்தச் சட்டையைப் பார்க்கும்போதெல்லாம் நானும் ஏதாவது செய்ய வேண்டும் என்று தோன்றும். அவருக்கு என்னால் வேலை வாங்கித்தர முடியாது. மவுஸ் வாங்கித்தர முடியும். பழைய மவுஸ் மூன்று முறை அழுத்தினால் ஒரு முறைதான் காதில் வாங்கிக்கொள்ளும். எனக்கும் ஒன்று தேவைப்பட்டது. நான் ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனிக்காக வீட்டிலிருந்தே லேப்டாப்பில் வேலை செய்பவள். மணிக்கட்டு வலி என்று பிசியோதெரபிஸ்டிடம் போனபோது, டச்பேடைத் தொடாதே, கைக்கு இதமான மவுஸாகப் பார்த்து வாங்கு என்று சொல்லியிருந்தார்.

சொல்லவேண்டுமா? பதினான்கு மவுஸ்களை வைத்து அட்டவணை போட்டேன். ஆபீஸ் பழக்கத்தில் இங்கிலீஷில், முறைப்படி, ‘பயனர் 1’, ‘பயனர் 2’ என்று பிரித்தேன். பயனர் 1 நான். உள்ளங்கை அளவு, எடை, கட்டைவிரல் வைக்க இடம், கிளிக் சத்தம், இயங்கும் தூரம் என்று பத்தி பத்தியாகப் போய், கடைசியில் ‘குறிப்பு’ என்று ஒரு பத்தி. பயனர் 2-க்கு எதிரே எழுதியிருந்தது இது: “கை பெரியது. உள்ளங்கை வியர்க்கும். எரிச்சல் வந்தால் மவுஸை மேஜையில் தட்டுவார். ஒரு காரியம் ஐந்து நிமிடத்தில் நடக்காவிட்டால் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவார். அடி தாங்கும் மாடல் தேவை.” பயனர் 1-க்கு எதிரே: “பொறுமையானவர். எதுவும் ஒத்துவரும்.”

இதைச் சுந்தரின் டெஸ்க்டாப்பிலேயே, நடு மையத்தில், கண்ணில் படுகிற மாதிரி சேமித்து வைத்தேன். நான்கு முறை கேட்டேன்.

“பாத்தீங்களா?”

“பாத்தேம்மா. சூப்பரா இருக்கு.”

திறக்கவே இல்லை என்று எனக்குத் தெரியும். திறந்திருந்தால் சூப்பர் என்று சொல்லியிருக்க மாட்டார்.

கடையில் மவுஸ்களைக் கம்பியில் கட்டி வரிசையாக வைத்திருந்தார்கள். ஒவ்வொன்றின் மேலும் கையை வைத்து, கண்ணை மூடி, இரண்டு நிமிடம் நின்றேன். எந்தப் பக்கம் வலிக்கிறது என்று கவனிக்க வேண்டாமா? ஐந்தாவது மவுஸில் விற்பனையாளர் வந்து, உடம்பு சரியாக இருக்கிறதா என்று கேட்டார். ஒன்பதாவதில் மறுபடி வந்து தண்ணீர் வேண்டுமா என்றார். சுந்தர் பிரிண்டர்கள் இருக்கும் பக்கம் போய், எனக்கும் அவருக்கும் சம்பந்தமில்லாத மாதிரி நின்றுகொண்டார். இரண்டு பேருக்குமே முதல் மதிப்பெண் வாங்கியது ஒரே மாடல்தான். கையை வைத்தால் தலையணையில் வைத்த மாதிரி இருந்தது. அதற்கு இன்னொரு பெருமையும் உண்டு. சுவர் குறுக்கே இருந்தாலும் பத்து மீட்டர் வரை வேலை செய்யும்.

“பத்து மீட்டர் தள்ளி உக்காந்து யாரு மவுஸ ஆட்டப்போறா?” என்றார் சுந்தர். பிறகு, “ரெண்டும் கறுப்பா? ஒண்ணு வெள்ளை எடு. மாறிடப்போவுது” என்றார்.

“வெள்ளைல மஞ்சக்கறை ஒட்டிக்கும். நம்ம வீட்டுல எப்பிடிங்க மாறும்? ரெண்டும் ரெண்டு ரூம்ல இருக்கப்போவுது.”

இதைச் சொன்னவள் நான்தான் என்பதைப் பதிவு செய்துகொள்கிறேன்.

புது மவுஸ் வந்த ராசியோ என்னவோ, ஒரு கம்பெனியிலிருந்து கடைசிச் சுற்று இன்டர்வியூவுக்குக் கூப்பிட்டார்கள். வீட்டிலிருந்தே வீடியோவில், மூன்று பேர் முன்னால், ஸ்லைடு போட்டுப் பேச வேண்டும். மூன்று தேதிகள் கொடுத்தார்கள். அதில் ஒன்று விஜயதசமி. அப்புறம் என்ன யோசனை? அதையே எடுக்கவைத்தேன்.

முதல் நாள் ஆயுத பூஜை. சாம்பிராணிப் புகைக்கு அலறாமல் இருக்க ஸ்மோக் அலாரத்துக்கு ஷவர் கேப் மாட்டிவிட்டு, கார் சாவி, அரிவாள்மனை, ஸ்க்ரூடிரைவர், என் லேப்டாப் எல்லாவற்றையும் அடுக்கினேன். கம்ப்யூட்டர்தானே இந்தத் தடவை முக்கியம்? ஆனால் அந்தப் பெரிய பெட்டியைத் தூக்கிவர முடியாது. எனவே அதன் பிரதிநிதிகளாக மவுஸையும், மவுஸ் சொல்வதைக் கேட்டுக் கம்ப்யூட்டருக்குச் சொல்வதற்காகப் பின்னால் செருகியிருக்கும் நகக்கண் அளவு ரிசீவரையும் பிடுங்கிவந்தேன். என் மவுஸ், என் ரிசீவர். அவர் மவுஸ், அவர் ரிசீவர். நான்கையும் ஒரே தாம்பாளத்தில் வைத்துச் சந்தனம் குங்குமம் இட்டேன். சந்தனம் கொஞ்சம் தண்ணீராகிவிட்டது. மறுநாள் காலை சூடம் காட்டி, ஒரு மவுஸையும் ஒரு ரிசீவரையும் எடுத்து அவரிடம் கொடுத்து, “நல்லபடியா முடியும், போங்க” என்றேன். பொட்டை அழிக்காதீர்கள் என்றும் சொன்னேன். அவர் அவசரமாகச் செருகிக்கொண்டு, ஸ்பேஸ்பாரைத் தட்டியே ஸ்லைடுகளை ஒரு முறை ஓட்டிப் பார்த்தார். கதவைச் சாத்தினார். பத்து மணி.

பக்கத்து அறையில் நான் லேப்டாப்பைத் திறந்து, தாம்பாளத்தில் மீதியிருந்த ரிசீவரைச் செருகினேன். மவுஸை நகர்த்தினேன். அம்புக்குறி அசையவில்லை.

புரட்டிப் பார்த்தேன். அடியில் ஒளி வருகிற ஓட்டையைச் சுற்றிச் சந்தனம் வழிந்து காய்ந்திருந்தது. ஆகா, கண் அடைத்துக்கொண்டது என்று முடிவு செய்தேன். பல்குத்தும் குச்சி எடுத்துச் சுரண்டினேன், ஊதினேன், மேஜையில் தேய்த்தேன், இரண்டு பட்டனையும் படபடவென்று அழுத்தினேன். திரையில் அம்புக்குறி லேசாக அசைந்தது! எனக்கு வந்த சந்தோஷத்தைச் சொல்ல முடியாது. இன்னும் சுரண்டினேன், இன்னும் ஆட்டினேன். இந்த முறை அது இடமிருந்து வலமாக ஓடியது. கிட்டத்தட்ட சரியாகிவிட்டது, இன்னும் ஒரு தட்டு தட்டினால் போதும் என்று மேஜையில் ஓங்கித் தட்டினேன். அம்புக்குறி பைத்தியம் பிடித்த மாதிரி சுற்றியது. பக்கத்து அறையில் யாரோ சிரிப்பது கேட்டது. இன்டர்வியூ நன்றாகப் போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

அங்கே என்ன நடந்தது என்பதை அவர் பிறகு சொன்னார். வணக்கம் சொல்லி முதல் ஸ்லைடைப் போட்டிருக்கிறார். நான் சுரண்ட ஆரம்பித்தேன். ஸ்லைடுகள் தாமாக ஓடி, ஒரே நிமிடத்தில் ‘நன்றி, கேள்விகள் உண்டா?’ என்ற இடத்தில் நின்றுவிட்டன. அவர் மன்னிப்புக் கேட்டுவிட்டு மவுஸை ஆட்டிப்பார்த்தார். (அதுதான் என் திரையில் வந்த உயிர்.) அது அவர் சொல்வதைக் கேட்கவில்லை. மவுஸைத் தூக்கிக் காமிராவுக்குக் காட்டி, இது வேலை செய்யவில்லை என்றார். மூன்று பேரில் ஒரு பெண், அதுவரை இறுக்கமாக உட்கார்ந்திருந்தவர், சந்தனம் குங்குமத்தோடு இருந்த மவுஸைப் பார்த்துவிட்டுக் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு தமிழில் கேட்டாராம்: “நேற்றுப் பூசையில வைச்சனீங்களோ?”

“ஆமாங்க” என்றிருக்கிறார் சுந்தர்.

“ஓம், எங்கட வீட்டிலயும் வைச்சனாங்கள். ஆனா மவுஸ் வைக்கேல்ல.”

அவர் மற்ற இருவருக்கும் இங்கிலீஷில் பூசையை விளக்கிக்கொண்டிருக்கும்போதுதான் நான் மேஜையில் ஓங்கித் தட்டியது. ஸ்லைடு மூடிக்கொண்டது. டெஸ்க்டாப் தெரிந்தது. நடு மையத்தில் இருந்த அட்டவணை, திரை முழுக்க விரிந்தது. நான்கு முறை கெஞ்சியும் அவர் திறக்காத கோப்பை, கடைசியில் நானே பக்கத்து அறையிலிருந்து திறந்து வைத்திருக்கிறேன்.

“ஒரு நிமிஷம்” என்று அவர்களிடம் சொல்லிவிட்டு, கையில் மவுஸோடு என் அறைக்கு ஓடிவந்தார். நான் பல்லில் குச்சியைக் கடித்துக்கொண்டு, ஒரு கையில் மவுஸ், மறு கையில் ஈரத்துணி.

“என்ன பண்ற நீ?”

“கண்ணுல சந்தனம் போயிடுச்சுங்க. இப்பத்தான் கொஞ்சம் கொஞ்சமா உயிர் வருது.”

அவர் என் மவுஸைப் பார்த்தார். தன் மவுஸைப் பார்த்தார். கையில் இருந்ததை லேசாக ஆட்டினார். என் திரையில் அம்புக்குறி ஆடியது.

“உயிர் குடுத்துட்டிருக்கறது நான்” என்றார். “அதக் குடு.”

கொடுத்தேன். தன்னுடையதை என் மேஜையில் வைத்துவிட்டு, என்னிடமிருந்ததோடு ஓடினார். நான் இரண்டு கையையும் மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ஐந்து மாதத்து இஸ்திரிச் சட்டையெல்லாம் கண்முன்னால் வந்தது. மவுஸைத் தொடவே பயமாக இருந்தது. அழுதேன். சத்தமில்லாமல்தான். அந்தச் சத்தமும் அங்கே போய் எதையாவது திறந்துவிடுமோ என்ற பயம்.

அவர் எழுந்துவந்த அந்த இடைவெளியில் மூன்று பேரும் சும்மா இருக்கவில்லை. அட்டவணையை முழுக்கப் படித்திருக்கிறார்கள். சுந்தர் திரும்பி உட்கார்ந்ததும், நடுவில் இருந்த பெரியவர் கேட்டார்.

“இதில் பயனர் 2 யார்?”

“நான்தான்.”

“ஐந்து நிமிடத்தில் நடக்காவிட்டால் விட்டுவிட்டு டீ குடிக்கப் போய்விடுவீர்கள் என்று போட்டிருக்கிறதே?”

சுந்தர் திரையின் மூலையில் மணியைப் பார்த்தாராம். “பதினெட்டு நிமிடம் ஆகிறது. நான் இன்னும் டீக்குப் போகவில்லை.”

அந்தச் சிரிப்பு என் அறைக்கும் கேட்டது. இந்த முறை நான் எதுவும் நினைத்துக்கொள்ளவில்லை. பிறகு அவர் முதல் ஸ்லைடிலிருந்து ஆரம்பித்து முக்கால் மணி நேரம் பேசினார்.

அடுத்த இரண்டு நாளும் வத்தக்குழம்பு, சேப்பங்கிழங்கு ரோஸ்ட் என்று அவருக்குப் பிடித்ததையே செய்தேன். அவர் ஒரு வார்த்தை திட்டவில்லை. திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும். மூன்றாம் நாள் போன் வந்தது. எழுந்து நின்று பேசினார், போனை வைத்தார், என்னைப் பார்த்து, “திங்கக்கிழமை சேரணுமாம்” என்றார். நான் அவர் சட்டையைப் பிடித்துக்கொண்டு மறுபடி அழுதேன். இந்த முறை சத்தமாகவே.

அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் சில சட்டங்கள் வந்துவிட்டன. அவருக்கு முக்கியமான மீட்டிங் என்றால், நான் மவுஸோடு கொல்லைப்புறத்தில் துணி காயப்போடும் கம்பி வரை போய்விட வேண்டும். அளந்துவிட்டார், பதினொன்றரை மீட்டர். நான் அங்கே நிற்பதைப் பார்த்தால் பக்கத்து வீட்டுக்காரி வேலிக்கு மேலாக, “இன்னைக்கு அவருக்கு மீட்டிங்கா?” என்று கேட்கிறாள். ஆயுத பூஜையன்று தன் மவுஸைக் கொடுப்பார், ரிசீவரைக் கொடுக்க மாட்டார். அது சட்டைப் பையிலேயே இருக்கும். “எது யாருதுன்னு சரஸ்வதிக்குத் தெரியும். உனக்குத்தான் தெரியாது” என்பார். வீட்டில் டிவி நின்றாலும் அடுப்பு பற்றாவிட்டாலும் அவர் முதலில் எட்டிப்பார்ப்பது நான் பக்கத்து அறையில் என்ன செய்கிறேன் என்பதைத்தான்.

வேலையில் சேர்ந்த வாரம், அந்த அட்டவணையை அவரே, தன் கையால், முதல்முறையாகத் திறந்தார். பயனர் 2-ஐப்பற்றி எழுதியிருந்த எதையும் மாற்றவில்லை. பயனர் 1-இன் வரிசையில் ‘இயங்கும் தூரம்’ என்ற கட்டத்தில் மட்டும் பத்து மீட்டர் என்பதை அழித்துவிட்டு வேறு எழுதி, பிரிண்ட் எடுத்து ஃபிரிட்ஜ் கதவில் ஒட்டினார். இன்றும் அங்கேதான் இருக்கிறது. வருகிறவர்கள் எல்லோரும் படிக்கிறார்கள்.

“வீடு முழுவதும்.”