ஒன்று, கமா, ஓட்டை

ஜெர்மனியில் ஓட்டை விழாத காகிதம் ஏதாவது மிச்சம் இருக்கிறதென்றால், அது எங்கள் ஓட்டை அண்ணையின் கண்ணில் இன்னும் படவில்லை என்றுதான் அர்த்தம். எசன் நகரத்தில் எங்கள் கட்டடத்தின் கீழ்வீடு அவருடையது. சொந்தப் பெயர் கடவுளுக்கும் விசா கந்தோருக்கும்தான் தெரியும். மற்றவர்கள் குடை காவித் திரிவது போல, அவர் காகிதத்தில் ஓட்டை போடுகிற இரும்புக் கருவியைக் காவித் திரிவார். கடிதமோ, கோயில் ரசீதோ, எது கிடைத்தாலும் ‘டக்’. இரண்டு ஓட்டை. பிறகு அது ஓர்ட்னர் என்கிற தடித்த கோப்புக்குள் போய்விடும். அந்த ஓர்ட்னர்கள் சுவரை மறைத்துக் கூரை வரைக்கும் நின்றன.

என் மகளின் கலியாண அழைப்புக் காட்டைக் கொடுத்தபோது, அதிலிருந்த பிள்ளையாரின் வயிற்றிலேயே ஓட்டை போட்டுவிட்டார்.

“அண்ணை, பிள்ளையாருக்குமோ?” என்று மகள் கத்தினாள்.

“அவரும் ஒரு ஓர்ட்னருக்குள்ளை இருக்கட்டும் தங்கச்சி. துலைஞ்சா ஆர் தேடுறது?”

எனக்கு முழங்கால் ஒபரேசன் நடந்தபோது தோடம்பழத்தோடு ஆஸ்பத்திரிக்கு வந்தார். கால் எப்படி என்று கேட்கவில்லை. “அக்கா, கடுதாசி ஏதும் தந்தவையோ?” என்றுதான் கேட்டார். கட்டிலடியில் கிடந்ததை நீட்டினேன். டக். அது நாளைக்கு என்ன சாப்பாடு வேண்டுமென்று புள்ளடி போட்டுக் கொடுக்கிற காகிதமாம். கோழிக்கு நான் போட்ட புள்ளடி ஓட்டையோடு போய்விட்டது. அடுத்த நாள் வந்தது சூப். அதிலும் உப்பில்லை. இந்த நாட்டு ஆஸ்பத்திரிச் சூப்பைப் பற்றி நான் சொல்லத் தொடங்கினால் ஒரு பகல் போதாது. விடுவோம்.

ஆனாலும் எனக்கு அவர்தான் கண். எழுத்து வாசிக்கத் தெரியாதவள் நான். தபாலில் எது வந்தாலும் படியிறங்கிக் கொண்டுபோய்க் கொடுப்பேன். வாசித்து விளக்கிவிட்டு, என் பேரில் வைத்திருந்த சிவப்பு ஓர்ட்னரில் போடுவார். அந்தப் பழக்கம்தான் போன பங்குனியில் எங்களைக் கவிழ்க்கப் பார்த்தது.

என் பேத்தி சாருகாவுக்கு வியாபாரம் படிக்க ஆசை. அவள் கேட்ட கல்லூரியில் ஒரு கதிரைக்கு ஊரே முண்டியடிக்குமாம். பள்ளிக்கூடச் சோதனை முடிந்து வந்து, “அம்மம்மா, எனக்கு ஒண்டு கமா நாலு!” என்று துள்ளினாள். நான் ஒப்பாரியே வைத்துவிட்டேன். விடிய விடியப் படித்த பிள்ளைக்கு ஒன்றா கொடுப்பார்கள்? பிறகுதான் சொன்னார்கள், இங்கே புள்ளிக்குப் பதிலாகக் கமா போடுவார்கள், சின்ன எண்தான் பெரிய மார்க் என்று. அப்படியிருந்தும் இலையுதிர்காலத்தில் இடம் கிடைக்கவில்லை. அரை வருடம் பேக்கரியில் நின்று பாண் விற்றாள். பங்குனியில் கல்லூரியிலிருந்து கடிதம் வந்தது. கோடைப் பருவத்தில் ஒரு இடம் இருக்கிறது, சித்திரையில் வகுப்புத் தொடங்கும், வெள்ளிக்கிழமை பன்னிரண்டு மணிக்குள் ஒரிஜினல் சான்றிதழோடு வரவேண்டும், வராவிட்டால் அடுத்து நிற்கிற பிள்ளைக்குப் போய்விடும்.

சந்தோசத்தில் எனக்குக் கால் நிலத்தில் நிற்கவில்லை. வியாழக்கிழமை காலை மகளும் பேத்தியும் வேலைக்குப் போய்விட்டார்கள். சான்றிதழ் மேசையில் அநாதையாகக் கிடந்தது. இவ்வளவு பெரிய காகிதம் இப்படிக் கிடக்கலாமா? எடுத்துக்கொண்டு படியிறங்கினேன்.

ஓட்டை அண்ணை வாசித்தார். கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்தார். “அக்கா, எங்கடை பிள்ளை!” என்றார். இடப்பக்கத்தில் பள்ளிக்கூடத்துச் சின்னம் வடிவாக இருந்ததாம், அதைக் கெடுக்க மனம் வரவில்லையாம். கடுதாசியைத் திருப்பி வலப்பக்கத்தில் வைத்தார்.

டக்.

மத்தியானம் சாருகா வந்து, நான் திரும்ப மேசையில் வைத்திருந்ததைத் தூக்கிப் பார்த்தாள்.

“அம்மம்மா! நாலு எங்கை?”

“எந்த நாலு?”

“ஒண்டு இருக்கு, கமா இருக்கு… பிறகு ஓட்டை!”

பள்ளிக்கூடத்துக்கு ஃபோன் அடித்தால், ஈஸ்டர் லீவு, அடுத்த திங்கள்தான் திறக்கும். பிள்ளை கத்தி அழுதிருந்தால் தாங்கியிருப்பேன். பேக்கரி உடுப்பைக்கூடக் கழற்றாமல் சத்தமில்லாமல் அழுதாள். அவள் முதலில் போட்ட சத்தம் கேட்டு வாசலுக்கு ஏறிவந்த ஓட்டை அண்ணை, அதைப் பார்த்துவிட்டுப் படியிறங்கிப் போனார்.

வெள்ளி காலை நாங்கள் வெளிக்கிட, அவர் கோட்டுப் போட்டு வாசலில் நின்றார். கையில் ஒரு ஓர்ட்னர்.

“நானும் வாறன்.”

“வந்து இன்னும் என்னத்திலை ஓட்டை போடப்போறியள், அண்ணை?” என்றாள் மகள்.

அவர் பையைத் திறந்து, அந்தக் கருவியை எடுத்து, எங்கள் சப்பாத்துத் தட்டில் வைத்தார். அதில்லாமல் அவரை நான் பார்த்ததே அன்றுதான். பல் கட்டாத கிழவன் மாதிரி இருந்தார்.

கல்லூரிக் கந்தோரில் இருந்த ஜெர்மன்கார அம்மா சான்றிதழை உயர்த்தி, ஓட்டை வழியாக ஒற்றைக் கண்ணால் சாருகாவைப் பார்த்தாள். சிரிக்கவில்லை. சேதமான சான்றிதழை ஏற்க ஏலாது, பன்னிரண்டுக்குள் வேறு கொண்டுவாருங்கள் என்று அவள் சொன்னதை மகள் எனக்குத் தமிழில் சொன்னாள். சுவரில் மணி பதினொன்றரை. நான் முருகனைக் கூப்பிட்டேன். முன்னுக்கு வந்தது ஓட்டை அண்ணை.

ஓர்ட்னரை விரித்தார். தாளுக்குத் தாள் சின்னச் சின்னக் கடித உறைகள். ஒவ்வொன்றிலும் முத்து முத்தாக எழுத்து. ஒன்றை எடுத்து மகளிடம் காட்டினார். அவள் சத்தமாக வாசித்தாள்: “சாருகா. சான்றிதழ். மேல் ஓட்டை.”

உறையைத் தட்டினார். மேசையில் ஒரு பொட்டு விழுந்தது. வெட்டுப்பட்ட வட்டக் கடுதாசி. புருவம் பிடுங்குகிற குறட்டால் அதைத் தூக்கி, மூச்சை அடக்கி, ஓட்டைக்குள் வைத்தார்.

நாலு.

அந்த அம்மா பக்கத்து அறைக்காரியைக் கூப்பிட்டாள். அவள் இன்னொருத்தனைக் கூப்பிட்டாள். முதலில் சிரித்தது அவன்தான். பிறகு முழுக் கந்தோரும் சிரித்தது. விண்ணப்பத்தோடு சாருகா முன்பே அனுப்பியிருந்த பிரதியைக் கணினியில் திறந்து பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். வெட்டு விளிம்புகூடப் பொருந்தியது. அந்த அம்மா தானே பசைநாடா ஒட்டி, முத்திரை குத்தினாள். குத்திய சத்தம் எனக்குக் கோயில் மணி மாதிரிக் கேட்டது.

திரும்பும்போது டிராமில் கேட்டேன், “தம்பி, குப்பையை ஏன் உறையிலை போட்டு வைச்சிருக்கிறீர்?”

“வந்த புதுசிலை ஒரு கடிதத்தைக் குப்பையெண்டு எறிஞ்சுபோட்டன், அக்கா. பிறகு விசா கந்தோரிலை அதைத்தான் கேட்டவை. அதாலை நாலு வருசம் வேலைக்கும் விடேல்லை, படிக்கவும் விடேல்லை. அதுக்குப் பிறகு நான் ஓட்டையைக்கூட எறியிறேல்லை.”

டிராம் முழுக்க வெயில். சாருகா அவருடைய தோளில் சாய்ந்து நித்திரையாகிவிட்டாள்.

சித்திரையில் வகுப்பு முதல்நாள் முடிந்து வந்தவள், எங்கள் வீட்டுக்கு ஏறாமல் நேரே அவர் கதவைத்தான் தட்டினாள். பின்னாலேயே நானும் போனேன். இதைப் பார்க்காமல் விடுவேனா?

“மாமா, இது என்ரை ரைம்டேபிள். ஓட்டை போடுங்கோ.”

“கொப்பியோ, ஒரிஜினலோ?”

“கொப்பிதான்.”

“சத்தியமா?”

“சத்தியமா, மாமா.”

“எந்தப் பக்கம்?” என்று கேட்டு, அவளே விரலால் காட்டும் வரைக்கும் அவர் கையை வைக்கவில்லை.

டக்.

இரண்டு வட்டம் நிலத்தில் விழுந்தது. அவர் உறை எடுக்கப் போன இடைவெளியில் நான் முழங்கால் நோவோடு குனிந்து பொறுக்கிவிட்டேன். திருநீற்றுச் சரையோடு என் கைப்பைக்குள் இருக்கிறது. அதில் என்ன எழுதியிருக்கிறதென்று எனக்குத் தெரியாது. அவர் இன்னும் தேடுகிறார், நானும் கொடுப்பதாக இல்லை.