எர்த் வயரும் என் மனைவியின் லைசனும்

என் காரை என் மனைவி ஓட்டக் கூடாது. இது நான் எடுத்த உறுதியான முடிவு. அவளிடம் மட்டும் சொல்லவில்லை.

நிலக்ஷிக்கு லைசன் கிடைத்து ஒரு வாரம். முதல் தடவையிலேயே பாஸ். எனக்கு மூன்றாவது தடவைதான் கிடைத்தது. அதை அவள் ஒரு நாளும் ஊரெல்லாம் சொல்லிக்காட்டியதில்லை. பக்கத்து வீட்டு ராக்காயி அக்காவிடம் மட்டும்தான் சொன்னாள். மறுநாளே பொகவந்தலாவை பஜாருக்கே தெரிந்துவிட்டது.

நிலக்ஷி தேயிலைத் தோட்டத்து மேல் டிவிசன் பள்ளிக்கூடத்தில் விஞ்ஞான டீச்சர். பஸ் பாதி வழிதான் போகும். மீதிக்கு நடை. மழையிலும் அட்டைக்கடியிலும் பன்னிரண்டு வருசமாக ஏறி இறங்குகிறாள்.

"திங்கக்கிழமையில இருந்து நானே கார எடுத்துக்கிட்டு போறேங்க. உங்க கடைதான் கிட்டத்துல இருக்கே, நடந்து போயிரலாம்."

"அந்த வளைவெல்லாம் உனக்குச் சரிவராது."

"நடந்து போறப்பயும் அதே வளைவுதானேங்க?"

நியாயமாகப் பேசுகிற மனைவியோடு எப்படித்தான் சண்டை போடுவது?

போன மாதம்தான் காரின் எஞ்சினுக்குப் புதிதாக வயரிங் செய்திருந்தேன். நானேதான். பஜாரில் வயரிங் சாமான் கடை வைத்திருக்கிறவன் வெளியாளைக் கூப்பிடுவானா? அதில் தடித்த வயர் ஒன்று உண்டு. எர்த் வயர். ஒரு முனை எஞ்சினில், மறுமுனை காரின் பொடியில், அதாவது இரும்புக் கூட்டில். அது இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் சுற்றாது. ஞாயிறு பின்னேரம் இரண்டு நட்டுகளைக் கழற்றினேன். வயர் என் கால்சட்டைப் பைக்குள் போனது.

திங்கள் காலை நிலக்ஷி சாவியைத் திருப்பினாள். டிக். மறுபடியும் திருப்பினாள். டிக்.

நான் டீயும் கையுமாக வந்தேன். "தள்ளு, நான் பாக்குறேன்." போனட்டைத் தூக்கி, அதன் மறைவில் வயரைப் பூட்டினேன். சாவியைத் திருப்பினேன். கார் உறுமியது.

"பாத்தியா? இதுக்கு என் கைதான் பழக்கம்."

"ஆமாங்க. அப்ப நீங்களே கொண்டு போய் விடுங்க."

இதை நான் யோசிக்கவில்லை. காலையில் அவளைக் கொண்டு போய் விட வேண்டும். பள்ளிக்கூடம் விட்டதும் கூட்டி வர வேண்டும். ராக்காயி அக்கா வேறு, "நானும் பஜார் வரைக்கும் வாறேன்" என்று தினமும் ஏறிக்கொண்டார். பின்னேரம் வயரைக் கழற்று, காலையில் பூட்டு. நகமெல்லாம் கிரீஸ். நான் கடையில் எப்போது இருப்பேன், எப்போது இருக்க மாட்டேன் என்று சனங்களுக்குக் குழப்பம். மனைவிக்குக் கார் கொடுக்காமல் இருக்கப் போய் மனைவிக்கே டிரைவர் ஆனேன்!

செவ்வாய் இரவு சாப்பிடும்போது கேட்டாள். "லைட்டு எரியுது, ஹோன் கத்துது, ஸ்டார்ட்டர் மட்டும் சுத்த மாட்டேங்குது. ஏங்க?"

"பெட்டரி வீக்கு."

"வீக்குன்னா லைட்டு மங்கணுமே?"

அத்தோடு வாயை மூடியிருக்கலாம். ஆனால் வயரிங் பற்றி யாராவது கேட்டால் என் நாக்குக்கு பிரேக் கிடையாது.

"உனக்கு என்னா தெரியும்? கரண்டு போனா மட்டும் போதாது, திரும்பி வரணும். எஞ்சின் ரப்பர் மேல உக்காந்திருக்கு. எர்த் வயர்தான் அதுக்குப் பாலம். அது இல்லாட்டி போன கரண்டு திரும்பாது."

"அப்படியா! மொத்தமான வயரா இருக்கணுமோ?"

"பின்ன? விரல் மொத்தத்துக்கு."

"பெயிண்டு மேல வச்சு முறுக்கினா?"

"கூடவே கூடாது! சுரண்டி, இரும்பு பளிச்சுன்னு தெரியணும்."

"எம்புட்டு நீளங்க?"

"ஒரு முழம்."

பிள்ளைகளுக்கு மின்சுற்று படம் போட்டுக் காட்டுகிறவள் என்னிடம் ஏன் பாடம் கேட்கிறாள்? எனக்குத் தோன்றவில்லை. இன்னொரு ரொட்டி வைத்தாள். பெருமையாகச் சாப்பிட்டேன்.

வியாழன் காலை. தலையெல்லாம் சவுக்காரம். குளித்துக்கொண்டிருந்தபோது எஞ்சின் உறுமுகிற சத்தம் கேட்டது. துவாயோடு வெளியே ஓடினேன். கார் கீழ் வளைவில் திரும்பிக்கொண்டிருந்தது, ஒழுங்காக சிக்னல் போட்டு. உள்ளே ஓடிக் கால்சட்டைப் பையைத் தடவினேன். வயர் பத்திரமாக இருந்தது!

கடைக்கு நடந்தேன். எனக்கு உதவியாகக் கடையில் நிற்கிற இராமையா அண்ணன் கல்லாவில் இருந்தார். என்னைப் பார்த்ததும் கேட்டார்.

"வயர் சரியா இருந்துச்சா?"

"எந்த வயர்ணே?"

"நேத்து நீங்க டீ குடிக்கப் போனப்ப டீச்சர் வந்தாங்களே. ஒரு முழம், தடிச்சது. ரெண்டு முனையிலயும் பூட்டுற வளையம், லக்கு அடிச்சுக் கேட்டாங்க. நீங்கதான் அளவு சொல்லி விட்டீங்கன்னாங்க."

நான்தான் சொன்னேன். மறுக்க முடியுமா?

இரண்டு மணிக்குக் கடை வாசலில் ஹோன். நிலக்ஷி சேலை கசங்காமல் உட்கார்ந்திருந்தாள். கையில் மட்டும் கொஞ்சம் கிரீஸ்.

"வீட்டுக்குப் போய்ச் சாப்பிட்டு வரலாம், ஏறுங்க. அந்தப் பழைய வயரக் கடையிலயே வச்சிருங்க. ஸ்பெயாருக்கு ஆகும்."

சுற்றிப் போய் முன் கதவைத் திறந்தேன். ராக்காயி அக்கா.

"நீ பின்னால ஏறு தம்பி. எனக்குப் பின்னால உக்காந்தா தலை சுத்தும்."

அவர் பஜாரில் வாங்கிய லீக்ஸ் கட்டுகளைத் தள்ளிவிட்டுப் பின்னால் ஏறினேன். நிலக்ஷி கண்ணாடியில் என்னைப் பார்த்தாள்.

"கதவ மெதுவா சாத்துங்க."