ஒபதியா கடைந்த வெண்ணெய்

பதினெட்டு நாள் ஆட்டிப் படைத்த காய்ச்சல் மெகித்தபேலை விட்டு இறங்கிய அன்றே, அவள் கணவன் ஒபதியா முழங்காலில் நின்று ஒரு பொருத்தனை செய்தான். "ஆண்டவரே, இவளைத் திருப்பிக் கொடுத்துட்டீர். ஒரு நாள் முழுக்க இவ வேலையை நான் செய்யறேன்."

எழுந்து முழங்காலைத் தட்டும்போது, 'ஒரு நாள்' என்பதை 'ஒரு வேலை' என்று திருத்திக்கொண்டான். நூற்கத் தெரியாது. சோப்பு காய்ச்சினால் கண் எரியும். உட்கார்ந்தே செய்யும் வேலை வெண்ணெய் கடைவது ஒன்றுதான்.

மறுநாள் காலை ஜெபம் முடிந்ததும் மனைவியின் ஏப்ரனைக் கட்டிக்கொண்டு, பாலேடு ஊற்றிய பீப்பாய் முன் கடைகோலோடு உட்கார்ந்தான். உச்சிப்பொழுது வந்தது, வெண்ணெய் வரவில்லை. பக்கத்து வீட்டு தொர்காஸ் கஞ்சி கொண்டுவந்தாள், அவனைப் பார்த்தாள், சிரித்தாள், போனாள்.

கடைகோலைப் போட்டுவிட்டு எழுந்தான் ஒபதியா. "மெகித்தபேல், அந்தப் பொம்பளை பாலேட்டுக்குச் சூனியம் வச்சிட்டா."

"அவ வர்றதுக்கு முன்னாடி வெண்ணெய் திரண்டுச்சா?"

"பேச்சை மாத்தாதே. கான்ஸ்டபிள்கிட்ட சொல்லப் போறேன்."

சூனியக்காரி என்றால் தூக்கில் போடும் ஊர் அது; அந்தப் பேச்சு ஒரு தடவை வீட்டு வாசலைத் தாண்டினால் தூக்குமரத்தடியில்தான் போய் நிற்கும். ஒபதியாவுக்கும் அது தெரியும். தோள்பட்டை வலியில் மறந்துவிட்டது. பதினெட்டு நாளும் மெகித்தபேலின் தலைமாட்டில் இருந்தவள் தொர்காஸ் என்பதும் மறந்துவிட்டது.

"தாராளமா போங்க," என்றாள் மெகித்தபேல், படுக்கையிலிருந்து மெல்ல எழுந்து. "ஆனா உளறக் கூடாது பாருங்க. நான்தான் கான்ஸ்டபிள்னு வச்சுக்கங்க. வெண்ணெய் கடைஞ்சது யாரு?"

"வீட்ல."

"வீட்ல யாரு?"

ஒபதியா கீழே கிடந்த கடைகோலை எடுத்துச் சுவரில் சாய்த்தான்.

"இடுப்புல என்ன கட்டியிருந்தீங்க?"

குனிந்து பார்த்தான். முடிச்சு பின்னால் இருந்தது, அவிழ்க்க வரவில்லை.

"இதை எத்தனை பேர் முன்னாடி சொல்லணும்?"

"சபை முழுக்க," என்று முனகிவிட்டு உட்கார்ந்துவிட்டான்.

அவள் ஒரு குவளை வெந்நீரைப் பீப்பாய்க்குள் ஊற்றினாள். "இந்தக் குளிருல பாலேடு இறுகிக் கிடந்தா வெண்ணெய் வராது. இப்போ கடைங்க."

"இதைக் காலையிலேயே சொல்லக் கூடாதா?"

"உங்க பொருத்தனைக்கு நடுவுல நான் எதுக்கு வரணும்?"

கொஞ்ச நேரத்தில் வெண்ணெய் திரண்டது. ஒபதியா மேஜையில் கைகூப்பி மனைவிக்காக ஸ்தோத்திரம் சொன்னான். இத்தனை வருஷம் யார் கடைந்தது என்று கேட்காமலே தின்ற வெண்ணெய்க்காகச் சொன்னான். மெகித்தபேல் செருமியதும் தொர்காஸுக்காகவும் சொன்னான். மனதாரத்தான் சொன்னான்.

கண்ணைத் திறந்தால் வாசலில் தொர்காஸ்.

"அண்ணே, நீங்க கடையற அழகைக் கிணத்தடியில சொன்னேன். எல்லாருக்கும் ஆச்சரியம். வெள்ளிக்கிழமை போதகர் வீட்டுக்கு வெண்ணெய் கடைய வர முடியுமான்னு அவர் வீட்டம்மா கேக்கறாங்க."

ஒபதியா வாயைத் திறப்பதற்குள் மெகித்தபேல் பதில் சொல்லிவிட்டாள்.

"வெள்ளிக்கிழமை முடியாது தொர்காஸ். அன்னைக்கு இவரு சோப்பு காய்ச்சறாரு."